தகட்டில் பூஜ்யம்

மார்ச் 9, ஞாயிறு

இரண்டாம் பெட்டி 0. ஐந்து 1. எட்டு 0. பதினொன்று 0.

பதினொரு தேனீப் பெட்டியில் இந்த நாலுக்குத்தான் தகடு. நான்காவது வாரமாக இதே கதை. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து கொண்டுவந்த உருப்பெருக்கியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, சமையலறை மேஜையில் தகடுகளை ஒவ்வொன்றாக வைத்து, மேலிருந்து கீழாகப் பார்த்தேன். மெழுகுத் துணுக்கு, மகரந்தத் தூள், ஒரு தேனீயின் கால். உண்ணி என்றால் கடுகில் பாதி இருக்கும். செம்பழுப்பு நிறம், நண்டு மாதிரி அகலமான உடம்பு. அப்படி இருந்தது ஒன்றே ஒன்றுதான். தகட்டின் மேல் எறும்புகள் நாலைந்து சுற்றிக்கொண்டிருந்தன, ஊதித் தள்ளிவிட்டேன். எறும்பை யாரும் எண்ணச் சொல்லவில்லை.

கொட்டகைச் சுவரில் என் வீட்டுக்காரர் கையால் எழுதி ஒட்டிய தாள் இன்னும் இருக்கிறது. "வியாழன்: பெட்டிக்கு அடியில், கம்பிவலைக்குக் கீழே வெள்ளைத் தகடு வை. ஞாயிறு: எடு. எண்ணு. எழுது. முப்பதைத் தாண்டினால் மருந்து." பேசுவது மாதிரியேதான் எழுதுவதும். கூட ஒரு வார்த்தை கிடையாது. தேனீயின் உடம்பில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சுகிற இந்தப் பூச்சியை அவர் எப்போதும் தகட்டில்தான் பிடிப்பார்.

முன்னறைக்குப் போய், கட்டிலருகே நின்று எண்களைப் படித்தேன். அவர் இடது கையால் வலது கையின் மேல் தேய்த்துத் தேய்த்துக் காட்டினார். ஜனவரியில் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது பக்கம்தான் விழுந்துவிட்டதே. தோல் வறண்டு அரிக்கிறது போல. வேஸ்லின் டப்பாவைத் திறந்து நன்றாகத் தடவிவிட்டேன்.

"சரி, சரி, சரி!" என்று கத்தினார்.

பேச்சில் அவருக்கு மிஞ்சியது அந்த ஒரு வார்த்தைதான். தண்ணீர் வேண்டும் என்றாலும் அதுதான், போதும் என்றாலும் அதுதான். சிலருக்கு இப்படி ஒரே வார்த்தை நின்றுவிடும் என்றார் டாக்டர். இருபத்திரண்டு வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் ஒரு தடவைகூட அந்த வார்த்தையைச் சொல்லாத மனுஷன்.

மார்ச் 11

ஐந்தாம் பெட்டிப் பக்கம் புல் பிடுங்கும்போது ஈ ஒன்று கழுத்தில் கொட்டியது. முள்ளை நகத்தால் வழித்து எறிந்தேன். வீங்கியது. வலி என்று ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 14

தோட்டக்காரர் வந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பழத்தோட்டம் வைத்திருப்பவர். பதினொரு பெட்டியையும் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார்.

"சாரோட ஈக்குன்னு ஒரு பேர் இருக்கும்மா. ஆனா உண்ணியை என் தோட்டத்துக்குள்ள கொண்டாந்து விட்றக் கூடாது பாருங்க. இன்னும் ஒரு அஞ்சு வாரம் எண்ணுங்க. இதே மாதிரி கம்மியா இருந்துச்சுன்னா வந்து ஏத்திட்டுப் போறேன்."

தகடுகளின் போட்டோவை அனுப்பினால் போதுமாம். அனுப்புகிறேன் என்றேன்.

ஆக, திட்டம் இதுதான். மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன். பெட்டிகள் தோட்டக்காரரிடம் போகும். இவர் நாத்தனார் வீட்டுக்குப் போவார், அங்கே கீழ் அறையைக் காலி செய்து வைத்திருக்கிறார்கள். நான் அக்கா ஊருக்குப் போவேன். எங்கள் கண்ணாடிக் கடையின் புதுக் கிளையை அங்கே திறந்திருக்கிறார்கள், பொறுப்பு எனக்குத்தான். முதலாளி ஜனவரியிலிருந்தே காத்திருக்கிறார். ஜூன் 2 திங்கட்கிழமைக்கு மேல் காத்திருக்க முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

பெட்டி போகாமல் நாத்தனார் இவரை அழைத்துக்கொள்ள மாட்டார். "அந்த ஈயை விட்டுட்டு அவன் வர மாட்டான், வந்தாலும் இருக்க மாட்டான், எனக்குத் தெரியாதா" என்பது அவர் கட்சி.

பூஜ்யம் வந்தால் மூன்று பேருக்கும் வழி. எனக்கு சந்தோஷமாக இருக்க வேண்டும். இருக்கிறதா? பசிக்கிறதா என்று கேட்டால்கூட யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

0, 0, 2, 0.

போட்டோ அனுப்பினேன். "பிரமாதம்" என்று பதில் வந்தது.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வருகிறாள். வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து கிளம்பும்வரை "ஒண்ணு ரெண்டு, ஒண்ணு ரெண்டு" என்று சொல்லிக்கொண்டே இருப்பதால் அவளுக்கு நான் வைத்த பெயர் ஒண்ணு-ரெண்டு. இன்று அவர் வலது கையைத் தூக்கப் போனாள், அது வழுக்கிக்கொண்டு மெத்தையில் விழுந்தது.

"அய்யய்யோ, ஏங்க்கா இவ்ளோ தடவுறீங்க? பிடிக்கவே முடியல."

"அவருக்கு வறட்சி. கேட்டுக்கிட்டே இருக்கார்."

"வறட்சியா? தோல் நல்லா இருக்கே."

அவருக்குத் தெரியாதா, உனக்குத் தெரியுமா என்று நினைத்துக்கொண்டேன். டப்பா அவருடையதுதான். கொட்டகை அலமாரியில், ஈக்களை அடக்கப் புகை போடும் புகைக்குடுவைக்குப் பக்கத்தில் இருந்தது. அரைக் கிலோ டப்பா, பாதி தீர்ந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் எடுத்து வந்து தலைமாட்டில் வைத்தேன். கையைப் பார்த்துக்கொள்வதில் இந்த மனுஷனுக்கு இவ்வளவு அக்கறையா என்று அன்றைக்கு ஒரு ஆச்சரியம்.

மார்ச் 20

தகடு வைத்தேன். மழை. வேறொன்றும் இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

0, 0, 0, 1.

மார்ச் 25

அக்கா போன் செய்தாள். மாடி அறைக்குத் திரை வாங்கிவிட்டாளாம். நீலமா பச்சையா என்று கேட்டாள். எதுவாக இருந்தால் என்ன என்றேன்.

"என்னடி, ஜெயிலுக்கா போற? ஆசையா ஒரு கலர் சொல்லேன்."

நீலம் என்றேன்.

மார்ச் 30, ஞாயிறு

1, 0, 0, 0.

எண்களைப் படித்தவுடன் அவர் டப்பாவைக் காட்டினார், அப்புறம் ஜன்னலைக் காட்டினார், அப்புறம் கையைத் தேய்த்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பெட்டிகள் வரிசையாகத் தெரியும், அதற்காகத்தான் கட்டிலை அங்கே போட்டேன். வெயில் முகத்தில் அடிக்கிறதாக்கும் என்று திரையை இழுத்துவிட்டு, கையில் தடவினேன். என் கையைத் தட்டிவிட்டார்.

ஜனவரி 17ஐப் பற்றி இதுவரை எழுதவில்லை. எழுதினால் என்ன?

அன்று காலை நான் சொன்னேன், "திங்கக்கிழமை நான் போறேன். அக்கா ஊருக்கு. திரும்பி வர மாட்டேன்." அவர் காலுறையை மாட்டிக்கொண்டிருந்தார். சண்டை எதுவும் இல்லை. சண்டை போடுகிற அளவுக்கு எங்களுக்குள் பேச்சு இருந்ததே இல்லை. கிளையைப் பற்றி முதலில் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "அப்போ தகட்டை யார் எண்ணுவா?" என் கண் கூர்மை என்பதால் எண்ணுவது மட்டும் நான். மற்றதெல்லாம் அவர். தகட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைப்பார், நான் தொடாமல் எண்ணிச் சொல்வேன், எடுத்துக்கொண்டு போவார். இருபத்திரண்டு வருஷக் குடித்தனம் என்றால் அதுதான்.

அன்றும் முகவலையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனார். நான் உள்ளே போய் துணி அடுக்கினேன். அப்புறம் பார்த்தால், ஐந்தாம் பெட்டிக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். புகைக்குடுவை இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

அந்தப் பை கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. பிரிக்கவில்லை.

ஏப்ரல் 3

தகடு வைக்கப் போனபோது ஐந்தாம் பெட்டியின் வாசலுக்கு முன்னால் தரையில் ஏழெட்டு ஈக்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. இறக்கை சுருங்கி, கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி இருந்தது. பறக்கப் பார்க்கின்றன, முடியவில்லை. மழையில் நனைந்திருக்கும்.

மழை பெய்து இரண்டு வாரம் ஆகிறது. அது எனக்கும் தெரியும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

0, 0, 0, 0. எல்லாமே பூஜ்யம்.

படித்து முடிப்பதற்குள் டப்பாவை எடுத்து என்மேல் வீசினார். இடது கைக்கு அவ்வளவு பலம் வந்திருக்கிறது, ஒண்ணு-ரெண்டு கேட்டால் சந்தோஷப்படுவாள். டப்பா தோளில் பட்டுக் கீழே உருண்டது. "சரி! சரி! சரி!" என்று கத்தினார். கண்ணில் தண்ணீர்.

மூளையில் அடி பட்டவர்களுக்குக் கோபம் காரணமில்லாமல் வரும், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மனதில் வைத்துக்கொள்ளவில்லை. மனதில் எதுவும் வைப்பதாகத் தெரியவில்லை. டப்பாவைத் துடைத்துத் திரும்பத் தலைமாட்டில் வைத்தேன்.

ஏப்ரல் 9

கடையில் ஒருவர் புதுக் கண்ணாடி போட்டுவிட்டு, "மரத்துல இலை தனித்தனியா தெரியுதும்மா" என்று வாசலில் நின்று அழுதார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

0, 1, 0, 0. தோட்டக்காரர் அடுத்த ஞாயிறு வண்டியோடு வருகிறாராம்.

ஒன்று விட்டுப்போனது. ஜனவரி 17ல். எழுதிவிடுகிறேன். யார் படிக்கப்போகிறார்கள்?

சத்தம் கேட்டது. துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது வெளியே தொப்பென்று ஒரு சத்தம். கோபத்தில் பெட்டி மூடியைத் தூக்கிப் போடுகிறார் என்று நினைத்தேன். போடட்டுமே என்று நினைத்தேன். அப்புறமும் முக்கால் மணி நேரம் துணி அடுக்கினேன். ரவிக்கைகளைத் தனியாக, துண்டுகளைத் தனியாக. இப்படி அழகாக நான் என்றைக்குமே பை அடுக்கியதில்லை.

"எப்போ விழுந்தாரும்மா?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் ஊசி போட்டிருக்கலாமாம். தெரியாது என்றேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

தோட்டக்காரர் பத்து மணிக்கு வண்டியோடு வந்தார். "போட்டோல பாத்ததெல்லாம் சரிதான், ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை சர்க்கரை போட்டுப் பாத்துடலாம், என் மனசு திருப்திக்கு" என்றார். வலை மூடி போட்ட ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தார். ஐந்தாம் பெட்டியைத் திறந்து, ராணி ஈ இல்லாத அடைச் சட்டமாகப் பார்த்து, அரைக் கோப்பை ஈக்களைப் பாட்டிலுக்குள் தட்டினார். அரைக் கோப்பைக்கு முந்நூறு ஈ வருமாம். அதன் மேல் தூள் சர்க்கரையைப் போட்டு உருட்டினார். ஈக்கள் எல்லாம் மாவில் விழுந்தது போல வெள்ளையாகிவிட்டன. சர்க்கரை ஒட்டினால் உண்ணியின் பிடி நழுவுமாம். பாட்டிலை வெள்ளைத் தட்டில் கவிழ்த்து உலுக்கி, கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். சர்க்கரை கரைந்தது.

தட்டு முழுக்கச் செம்பழுப்புப் புள்ளி.

"ஒன்பது இருந்தாலே மருந்து வைக்கணும்" என்றார். எண்ணினார். நானும் எண்ணினேன், எண்ணுவதுதானே என் வேலை. நாற்பத்தேழு.

இரண்டாம் பெட்டியில் இருபத்தெட்டு. எட்டில் முப்பத்தொன்று.

தோட்டக்காரர் முகம் மாறிவிட்டது. "என்னம்மா இது, பூஜ்யம் பூஜ்யம்னு அனுப்புனீங்க?"

"பூஜ்யம்தாங்க இருந்துச்சு. சத்தியமா."

"தகட்டுல என்ன தடவுனீங்க?"

"என்ன தடவணும்?"

"வேஸ்லினு. இல்லைன்னா ஏதாவது எண்ணெய். உண்ணி விழுந்தா அதுல ஒட்டிக்கணும். சும்மா வெறும் தகட்டை வெச்சா, விழ விழ எறும்பு தூக்கிட்டுப் போயிடுமே! சார் உங்களுக்குச் சொல்லலையா?"

நான் திரும்பி ஜன்னலைப் பார்த்தேன். திரை விலகியிருந்தது. அவர் தலையணையில் சாய்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை வலது கையின் மேல் தேய்த்துக்கொண்டிருந்தது.

ஒன்பது வாரம். ஒன்பது வாரமாகச் சொல்லியிருக்கிறார். நான் கையில் தடவிக்கொண்டிருந்தேன். தகட்டுக்கு இருந்த டப்பாவையும் நான்தான் எடுத்துக்கொண்டு வந்து, அவர் கண்ணெதிரிலேயே வைத்தேன்.

தோட்டக்காரர் வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

ஏப்ரல் 21

அவர் தாளில் ஏன் எழுதவில்லை? "தகடு வை" என்று மட்டும் எழுதிவிட்டால் ஆயிற்றா? பல் விளக்கு என்று எழுதுகிறவன் பிரஷை எடு என்று எழுத மாட்டான், அதுபோல அவருக்கு அது பழக்கம், சரி. முன்பெல்லாம் தகட்டில் இருந்த பிசுக்கைத் தேன்மெழுகு என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் ஒரு வார்த்தைதானே ஐயா! ஒரே ஒரு வார்த்தை கூட எழுதினால் குடியா முழுகிப்போகும்? இப்போது முழுகிவிட்டதே, பாருங்கள். வாய் இருந்தபோதும் சொல்லவில்லை, எழுதும்போதும் சொல்லவில்லை, எல்லாம் போன பிறகு கையைத் தேய்த்துக் காட்டினால் எனக்கு எப்படிப் புரியும்? நான் என்ன ஜோசியக்காரியா?

கடையில் இரண்டு சட்டத்துக்குக் கண்ணாடி மாற்றிப் போட்டேன். திருத்திக் கொடுத்தேன்.

கோபம்தான். மூன்று மாதத்தில் முதல் தடவையாக ஏதோ ஒன்று வந்திருக்கிறது. அவர்மேல் பாதி. எறும்பு தகட்டில் ஓடுவதை வாராவாரம் பார்த்தேன், ஈக்கள் ஊர்வதையும் பார்த்தேன். பூஜ்யம் வேண்டும் என்று இருந்தவளுக்குப் பூஜ்யம்தான் தெரியும். மீதிப் பாதி என்மேல்.

ஏப்ரல் 23

தேன் சட்டங்களை வெளியே எடுத்துவிட்டு, பெட்டிக்கு இரண்டாக மருந்துப் பட்டைகளை வைத்தேன். கொட்டகையில் அவர் வாங்கி வைத்திருந்ததுதான். வீடு முழுக்க ஓம வாசனை. நாலைந்து வாரம் ஆகுமாம்.

ஐந்தாம் பெட்டிக்கு வைக்கத் தேவைப்படவில்லை. திறந்தால், ஞாயிறன்றே மெலிந்திருந்த கூட்டம் போய் ஒரு கைப்பிடி ஈ, நடுவில் ராணி. ஒன்பது வருஷம் அவர் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த வம்சம் அது. தோட்டக்காரர் பேர் என்று சொன்னது அதைத்தான்.

மாலையில் போய்ச் சொன்னேன். "அஞ்சாம் பெட்டி போயிடுச்சுங்க. நான்தான்." என்னைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வார்த்தையைக்கூடச் சொல்லவில்லை.

ஏப்ரல் 24

தகட்டைக் கழுவித் துடைத்து, அவர் மடியில் வைத்தேன். டப்பாவைத் திறந்து பக்கத்தில் வைத்தேன்.

ரொம்ப நேரம் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் இடது கையின் இரண்டு விரலால் அள்ளி, ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். மெல்லிசாக, ஒரே சீராக, ஒரு இடம் விடாமல். நான் கையில் அப்பியது மாதிரி இல்லை. மூன்று தகட்டுக்கும் முக்கால் மணி நேரம் ஆனது.

முக்கால் மணி நேரம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இரண்டு 214. எட்டு 260. பதினொன்று 188.

மருந்து வைத்தால் இப்படித்தான் கொட்டுமாம். எறும்பு இரண்டு தகட்டு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. நன்றாக வேண்டும்.

மே 2

ஒண்ணு-ரெண்டு சட்டைப் பொத்தான்களை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு எடுத்துப் போடச் சொன்னாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கழுவாமல் விட்டிருந்த ஞாயிற்றுக்கிழமைத் தகடு ஒன்றை நீட்டி, பல்குத்தும் குச்சி ஒன்றைக் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு உண்ணியாகக் குத்தி ஓரத்தில் சேர்க்க ஆரம்பித்தார்.

"அய்யே, என்னக்கா இது, பூச்சி!" என்று பின்னால் போனாள். அரை மணி கழித்து, "சார், அங்க ஒண்ணு விட்டுட்டீங்க பாருங்க" என்று அவளும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 4, ஞாயிறு

இரண்டு 150. எட்டு 171. பதினொன்று 96.

மே 8

அக்கா: "இன்னும் அந்தப் பூச்சிதானா? தேதி நெருங்குதுடி. எல்லாத்தையும் அந்த ஆளு தலையில கட்டிட்டு வா."

"உண்ணி இருக்கிற பெட்டியை யாரும் எடுக்க மாட்டாங்கக்கா. கொறையட்டும்."

"போகாம இருக்க உனக்கு இது ஒரு சாக்கு."

இல்லை என்றேன். சாக்கு இல்லை. எண் குறையாமல் எதுவும் நகராது, அவ்வளவுதான். அப்படித்தான் நினைக்கிறேன்.

மே 11, ஞாயிறு

இரண்டு 62. எட்டு 80. பதினொன்று 41.

எட்டாம் பெட்டியில் பட்டையை மாற்றும்போது கையுறையின் ஓட்டை வழியாக மூன்று கொட்டு. புறங்கை பன்னு மாதிரி உப்பிவிட்டது. அதோடேயே தகட்டை எண்ண உட்கார்ந்தேன். அவர் குச்சியால் தள்ளுகிறார், நான் எண்ணுகிறேன். இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது. அப்புறம் எப்படி வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"நீங்க விழுந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சுங்க."

குச்சி நின்றது.

"மூடியைத் தூக்கிப் போட்டீங்கன்னு நெனச்சேன். போடட்டும்னு உள்ளயே இருந்தேன். முக்கால் மணி நேரம். பை அடுக்கிட்டு இருந்தேன். அந்தப் பை, இதோ, இந்தக் கட்டிலுக்குக் கீழதான் இருக்கு. டாக்டர் கேட்டப்போ தெரியாதுன்னு சொன்னேன். தெரியும். எனக்குத் தெரியும்."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன், டப்பாவை எடுத்தபோது வீசுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். வீசவில்லை. இடது கையால் என் கையைப் பிடித்துத் தன் மடியில் இழுத்து வைத்தார். இரண்டு விரலால் அள்ளி, வீங்கிய இடத்தில் ஓரத்திலிருந்து ஆரம்பித்து, மெல்லிசாக, ஒரு இடம் விடாமல் தடவினார்.

கொட்டுக்கு வேஸ்லின் ஒன்றும் செய்யாது, அது அவருக்குத் தெரியும். முப்பது வருஷமாக ஈ வளர்க்கிறவர்.

வலித்தது. விண் விண்ணென்று தோள் வரைக்கும் வலித்தது. அப்படி வலிக்கும் என்பதையே மறந்திருந்தேன். அம்மா அம்மா என்று அழுதேன், சின்னப்பிள்ளை மாதிரி. எண்ணிக்கை விட்டுப்போய், திரும்ப முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.

மே 12

கை இன்னும் வலிக்கிறது.

மே 18, ஞாயிறு

இரண்டு 19. எட்டு 33. பதினொன்று 12. ஐந்தாம் பெட்டியின் ராணியை எட்டிலிருந்து எடுத்த இரண்டு சட்டம் ஈக்களோடு சின்னப் பெட்டியில் வைத்துப் பத்து நாள் ஆகிறது. தப்புமா என்று தெரியாது. எப்படிச் செய்ய வேண்டும் என்று அவர் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். இந்தத் தடவை புரியாதபோதெல்லாம் புரியவில்லை என்றேன். இருபது தடவை திரும்பக் காட்டினார். இதை அன்பு என்று சொல்லலாமா? தெரியவில்லை. அப்படிப் பெரிய வார்த்தை எதுவும் போட வேண்டாம். முன்னறையில் இரண்டு பேர் இருக்கிறோம் என்று தெரிகிறது, அவ்வளவுதான்.

மே 22

பையிலிருந்து ஒரு துண்டு எடுத்தேன். தகடு துடைக்கப் பழைய துணி எதுவும் கிடைக்கவில்லை.

மே 25, ஞாயிறு

4, 9, 6.

மே 29

கொட்டகைத் தாளில், "தகடு வை" என்பதற்கு முன்னால் "வேஸ்லின் தடவு" என்று எழுதினேன். அவர் எழுத்துக்குப் பக்கத்தில் என் எழுத்து குண்டு குண்டாக இருக்கிறது.

ஜூன் 1, ஞாயிறு

இரண்டாம் பெட்டி 1. எட்டு 0. பதினொன்று 2. சின்னப் பெட்டியில் ராணி முட்டை வைத்திருக்கிறது.

உருப்பெருக்கியோடு இரண்டு தடவை பார்த்தேன். வேஸ்லின் தடவிய தகடு, உண்மையான எண். அவரும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குச்சியை வைத்துவிட்டார்.

பதினொன்றரைக்குத் தோட்டக்காரர் போன். "மருந்தெல்லாம் முடிஞ்சிருக்குமே, எவ்ளோம்மா வந்துச்சு? கம்மின்னா சொல்லுங்க, நாளைக்குக் காலைல வண்டி ரெடி."

மேஜையில் மூன்று தகடும் இருந்தன. நாளை திங்கட்கிழமை, முதலாளி வைத்த கெடு.

"இன்னும் எண்ணலைங்க" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் வேலை செய்கிற பாதி மட்டும் சிரித்தது.

"சரி" என்றார்.

"என்ன சரி? சிரிக்காதீங்க. வியாழக்கிழமைக்கு தகடு கழுவணும்" என்று சொல்லிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.